காதுக்குள் ஒருவர்

"அவர் குரலைக் கேட்டாத்தான்டி எனக்குத் தூக்கமே வருது. மறந்தும் ஒரு வார்த்தை அதட்டலா வராது."

மனைவி தன் தங்கையிடம் போனில் சொன்னது, குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்த கணவரின் காதில் தெளிவாக விழுந்தது. கன்னத்தில் பிளேடு இழுத்துவிட்டது.

யார் அந்த அவர்? தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைக்க அவர் என்ன முட்டாளா? வேலையிடத்தில் பகல் முழுக்கக் குரலை உயர்த்தவே முடியாத பிழைப்பு. அடக்கி வைத்ததையெல்லாம், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்து, வீட்டில் கொட்டித் தீர்த்துவிடுவார். மகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே பட்டாசு.

அன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. வெந்நீரை மடக் மடக்கென்று குடித்தும் தொண்டை வறண்டது. முடித்ததையே மறுபடி மறுபடி செய்யச் சொன்னார்கள். இத்தனை வருஷம் கூட இருந்தவள் போய்விடுவாளோ என்ற பயம்.

பாதியிலேயே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மனைவி கட்டிலில் காலை மடக்கி, காதில் இயர்போனோடு, கண்மூடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர் எதிரில் அவள் அப்படி இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"யாரு அவன்?"

கண்ணைத் திறந்தவள் பதறவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் டாக்டர் சொன்னதுதான் என்றாள். படபடப்புக்கு மாத்திரையோடு, தினமும் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கவனித்து உட்காரச் சொன்னாராம். மூளை ஓடுகிற ஓட்டம் மெல்ல அடங்குமாம், தூக்கம் வருமாம். நிஜமாகவே வருகிறது, இப்போதெல்லாம் சின்னச் சத்தத்துக்குக்கூட நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை என்றாள். சொல்லித்தர போனில் ஒரு ஆப் இருக்கிறதாம்.

"கதை விடாதே. எவனோ பேசுற பேச்சுல மயங்கிக் கிடக்கிறே. யாரு அந்த ஆளு?"

அவள் இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தாள்.

'அவசரமே இல்லை. மூச்சு உள்ளே வருது... வெளியே போகுது. நான் உங்க கூடவே இருக்கேன்...'

அவர் இயர்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக் கேட்டார். மனைவியின் கண் கலங்கியது.

"நீங்கதாங்க. ஸ்டுடியோவுல பேசுற இந்த மனுஷரை, ஒரு நாளாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்."