ட்ரெவர் அடித்த கோல்

ட்ரெவர் ஹெஸ்கெத் பப்புக்குள் காலை வைத்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து அவர் பெயரைப் பாட ஆரம்பித்தது. கால்பந்தை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அந்த மரியாதை மட்டும் குறையவில்லை.

"பர்ஸை உள்ள வைங்க தலைவரே! நீங்க காசு குடுத்தா இந்த ஊருக்கே அவமானம்," என்று கடைக்கார லெனார்ட் பீரை நீட்டினார்.

வேலைக்குப் புதிதாக வந்திருந்த கெர்ரி சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்தாள். "நீங்க கடைசி நிமிஷத்துல அடிச்ச கோலாலதான் நம்ம டீம் பிழைச்சுதாமே! நம்ம டீமுக்கு எத்தனை வருஷம் சார் ஆடினீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நம்ம டீமுக்கா? ஒரு நாள்கூட ஆடல!" என்றார் லெனார்ட். "இவர் பக்கத்து ஊர்க்காரர். நமக்கு எதிரா ஆடறப்போ, பந்தைத் தன்னோட கோலுக்குள்ளயே தள்ளிட்டார் மகராசன். நாம தப்பிச்சோம், அவங்க கீழ் டிவிஷனுக்குப் போனாங்க. இன்னும் மேல வரல!"

ட்ரெவர் சிரித்து வைத்தார்.

கெர்ரிக்குப் பாவமாக இருந்தது. "உங்க ஊர்ல இன்னுமா சார் கோபமா இருக்காங்க?"

"சேச்சே, எல்லாம் தணிஞ்சிடுச்சும்மா. நேத்து எங்கம்மா பிறந்தநாளுக்குக் கேக் எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை கேக்கை வாங்கிக்கிட்டுதான் கதவைச் சாத்தினாங்க."