முகமில்லாத ஆட்டக்காரன்

திரையில் நின்ற ஆளுக்கு முகம் இல்லை. தலை, தோள், இடுப்பு, கால் என்று வெறும் பச்சைக் கோடுகள். வலது கை மட்டும் பாதி உயர்ந்து அப்படியே உறைந்திருந்தது.

ஆபீசிலிருந்து வந்து அதைப் போட்டவள் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். கடைசியாக யார் எதிரே நின்று விளையாடினார்களோ, அவர்களுடைய உருவத்தைத்தான் அந்த கேம் கன்சோல் இப்படிக் கோடாக நினைவில் வைத்திருக்கும். இந்த உருவமோ அவளைவிட ஒரு சாண் உயரம், இரண்டு மடங்கு அகலம்.

கடைக்கே இன்னும் வராத கன்சோல் அது. எதிரே நின்று உடம்பை அசைத்தால் போதும், மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் அவளை நம்பி, வீட்டு வெளிச்சத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வேறொருவர் தொட்டது தெரிந்தால் வேலை போகும், வழக்கும் வரும்.

தொடக்கூடிய ஆள் வீட்டிலேயே இருந்தான். அவள் கணவனுக்குப் போட்டிக் கம்பெனியில் உத்தியோகம். அவர்களுடைய கன்சோலும் வீட்டில் ஒன்று இருந்தது.

"காத்துல கையை ஆட்டுறதெல்லாம் ஒரு விளையாட்டா? பைத்தியம்னு நினைப்பாங்க" என்று அவன் கேலி செய்வான்.

"உங்களுது மட்டும் என்னவாம்? குச்சியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிற குரங்காட்டி வேலைதானே!" என்று அவளும் விடமாட்டாள்.

கேலி அதோடு நிற்கும். செருப்போடு ஆபீசையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. இதுவரை மீறியதில்லை.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "மதியம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"நானா? மீட்டிங்ல மாட்டிக்கிட்டு மூச்சு விடக்கூட நேரமில்ல" என்றான், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்தக் கோட்டு உருவத்தின் அகலம் அவளுக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் போட்ட தொப்பையை ஓரக்கண்ணால் அளந்தாள். சந்தேகம் உள்ளே வந்தால் உட்கார இடம் கேட்பதில்லை. தானே பாயை விரித்துக்கொள்ளும்.

காலையில் வழக்கம்போல் மாமனாருக்குச் சாப்பாடு ஊட்டினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து உள்ளறைக் கட்டிலே அவருக்கு உலகம். மடங்கிப்போன விரல்களில் ஸ்பூன்கூட நிற்காது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா உண்டு. மதியம் மட்டும் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய் வருவாள்.

"என்னம்மா... முகம் வாடிக் கெடக்கு?" என்றார் குழறலாக.

"ஒண்ணுமில்ல மாமா." அவர் வாயைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மனசாட்சி உறுத்த, ஆபீசில் பிரிவுத் தலைவியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"நம்ம ரகசியம் அந்தப் பக்கம் போகுதுன்னு மேலிடத்துல ஏற்கெனவே முணுமுணுப்பு. புருஷன்னு பாத்தேன்னா நீயும் நானும் தெருவுலதான் நிக்கணும். இப்பவே வீட்டுக்குப் போ. கையும் களவுமா பிடி. போனை ஸ்பீக்கர்ல போட்டு வை, நானும் கேக்கணும்."

வழியெல்லாம் அவள் உதடு முணுமுணுத்தது. 'கடவுளே, அவரா இருக்கக் கூடாது.'

வாசலில் செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பின்னால், பார்வைக்குப் படாதபடி, அவன் ஷூ கிடந்தது. பட்டப்பகலில் ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன.

தலைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கதவில் சாவியை நுழைத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். ஏதோ ஒன்று தொப்பென்று தரையில் இடித்தது.

"விடுடா... என்னை விட்டுடுடா..." மாமனாரின் குரல்.

"சத்தம் போடாதீங்க. இன்னும் ஒரே தடவைதான்." கணவனின் குரல்.

அவளுக்குக் கன்சோல், வேலை, வழக்கு எல்லாம் மறந்துபோனது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கணவன் பின்னாலிருந்து தன் அப்பாவின் மார்பை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டியிருந்தான். அவர் பாதங்கள் அவன் பாதங்களின் மேல் இருந்தன, நடை பழகும் குழந்தையின் பாதங்களைப்போல. எதிரே திரையில், இரண்டு உடம்பும் ஒட்டி, அகலமான ஒரே பச்சை உருவம்.

கிழவரின் மூடிய முஷ்டி நடுங்கி நடுங்கி மேலே போனது, முன்னால் வீசியது. திரையில் பந்து உருண்டு கட்டைகளைச் சாய்த்தது. அவர் சிரித்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது, கண்ணிலும் வழிந்தது.

அவளைப் பார்த்ததும் கணவனின் முகம் வெளுத்தது. "டாக்டர் தினமும் கையை அசைக்கச் சொன்னாரு. வெறுமனே அசைங்கன்னா அப்பா அழறாரு. விளையாட்டுன்னா, வலியில 'விடு'ன்னு முனகினாலும் வர்றாரு. உனக்குத் தெரிஞ்சா உன் வேலைக்கு ஆபத்துன்னுதான்..."

அவள் கையிலிருந்த போன் அதட்டியது. "ஆபத்தாம், ஆபத்து! அவங்க கம்பெனி கன்சோல்தான் உங்க வீட்டுலயே இருக்கே? அதுல விளையாட வேண்டியதுதானே? நம்மளுதை எதுக்குத் தொட்டாரு? கேளு அவரை!"

அவள் கேட்கவில்லை. அவன், அப்பாவின் விரியாத விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, போனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"எங்களுதைக் கையில பிடிக்கணுமே, மேடம்."