இன்னும் கொஞ்சம் இடது பக்கம்

வேகம் மறுபடியும் விழுந்தது.

பல் டாக்டர் திரையை முறைத்தார். தீவிலிருந்து வந்துகொண்டிருந்த மேகப் படம் கால்வாசியில் நின்றது. பிறகு ஒவ்வொரு கோடாக, வேண்டா வெறுப்பாக இறங்கியது.

"ஆரம்பிச்சிடுச்சு," என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் போடலைங்க. மிக்ஸி பக்கமே போகலை."

அவள் முந்திக்கொண்டு சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஹாம் ரேடியோவைக் கணினியோடு இணைத்து, கடல் தாண்டி எழுத்தும் படமும் அனுப்பும் வேலை இது. அலை சுத்தமாக இருந்தால் வேகம் தானாக ஏறும். இரைச்சல் புகுந்தாலோ, மறுமுனை பலவீனமானாலோ தானாக இறங்கும். அது கண்டபடி ஏறி இறங்க ஆரம்பித்ததிலிருந்து டாக்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானையும் சந்தேகப்பட்டார்.

மிக்ஸி, வாஷிங் மெஷின், மீன் தொட்டி மோட்டார், எல்லாம் இந்த வேளையில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின.

பக்கத்து வீட்டு வாசல் விளக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. "உங்க பல்பு கத்துது சார்" என்று போய்ச் சொன்னார். அந்த மனிதர் அன்றோடு பல்லை வேறு டாக்டரிடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஹாம் நண்பர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சூரியன் என்றார். டாக்டர் அணைக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

கேபிளை மாற்றினார். பவர் சப்ளையை மாற்றினார். கணினியின் ஒலி அளவை மயிரிழை மயிரிழையாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். வேகமோ, அவர் எதிரில் இருந்தால் படுத்துக்கொண்டது. மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் தொட்டுவிட்டு வந்தால் எழுந்து ஓடியது.

மறுமுனையில் இருந்தது மனைவியின் தம்பி. செல்போன் எட்டாத தீவு. அங்கே ஒரு வானிலை நிலையம், அதில் அவனும் வயதான இன்னொரு ஊழியரும் மட்டும். வீட்டோடு பேச இந்த ரேடியோதான் வழி. அதுவும் தினம் காலையில், டாக்டர் கிளினிக்குக் கிளம்புவதற்குள்.

பேச்சு என்றால் டாக்டரின் பேச்சு. ஊரார் வாயைத் திறக்க வைத்தே பிழைப்பவர், ரேடியோ முன்னால் மட்டும் வேறு யாரையும் வாய் திறக்க விட்டதில்லை. சிக்னல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, வேகம் எவ்வளவு, அவ்வளவுதான். மச்சான் சாப்பிட்டானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "சிக்னல் நல்லா இருக்கு. அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருப்பான்" என்பார் மனைவியிடம்.

இப்போது ஸ்பானரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் மேல போறேன். கேட்டா மட்டும் சொல்லு. எதையும் தொட்டுடாதே."

"சரிங்க."

செருப்புச் சத்தம் மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளிடமும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. இருவரும் ஒரே நாளில்தான் பரீட்சை எழுதினார்கள். யாருக்கு மார்க் அதிகம் என்பது அந்த வீட்டில் பேசப்படுவதில்லை.

படத்தை நிறுத்திவிட்டுத் தட்டினாள்: ஏறிட்டாரு.

தீவில் தம்பி, வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ரேடியோ பவரைத் திருகி ஏற்றினான். வேகம் துள்ளி எழுந்தது.

முதல் தடவை விழுந்தபோது கேபிளில் உண்மையாகவே கோளாறு. டாக்டர் மாடிக்குப் போயிருந்த இடைவெளியில் அவள் சும்மா ஒரு வார்த்தை தட்டினாள். 'அக்காவா?' என்று பதில் வந்தது. பிறகு கேபிள் சரியானது. கோளாறை விட்டுவிடத்தான் இருவருக்கும் மனம் வரவில்லை.

'அக்கா, கூட இருக்கறவர் மறுபடியும் பாம்பு அடிச்ச கதைய எடுத்துட்டாரு. முதல்ல ஒரு முழம் இருந்துச்சு. நேத்து கதவு உசரம்.'

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?" மேலிருந்து குரல் வந்தது.

"மெதுவாத்தாங்க இருக்கு! கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க!"

சிரிப்பு அடங்கியதும் தட்டினாள்: ராத்திரி தூங்கறியாடா?

பதில் வரத் தாமதமானது. வேகம் முழுசாகத்தான் இருந்தது.

'வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னேன்ல. வரலக்கா. காலைல உங்கிட்ட சொல்ல ஏதாவது வேணுமேன்னு நாள் பூரா தேடிட்டு இருக்கேன். அதுலயே பொழுது போயிடுது. தூக்கமும் வந்துடுது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, மேலிருந்து யாரும் கேட்காமலேயே, கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

மாடியில் டாக்டர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் பையை விட்டு வெளியே வரவில்லை. ஆன்டெனா நேற்று பார்த்த திசையையே இன்றும் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. கிளினிக்கில் வேலை செய்யும் பெண். பல் பிடுங்க வந்தவர் கன்னத்தைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். டாக்டர் எங்கே, எங்கே என்று கேட்கிறாராம்.

"வந்துடறேம்மா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு," என்றார் டாக்டர், கீழே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி. "இங்க அக்காவும் தம்பியும் பேசிட்டிருக்காங்க."