வலைக்குள் ராசா

டெங்குக் காய்ச்சலில் கிடந்த சுஜிதனைப் பார்க்க விசுவமடுவிலிருந்து நண்பன் லக்ஷன் வந்திருந்தான். கட்டிலைச் சுற்றி நுளம்பு வலை.

“என்னடா, பட்டப்பகலிலயும் வலையோ?”

“டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்குமாம். ஒரு நுளம்பும் என்னைத் தொட என்ர மனுசி விடமாட்டா,” என்றான் சுஜிதன் பெருமையாக.

“குடுத்து வைச்சவன்! ராசா மாதிரிக் கிடக்கிறாய்.”

பெருமூச்சோடு லக்ஷன் வலையைத் தூக்கிக் கட்டிலில் உட்காரப் போனான். தேநீரோடு வந்த சுஜிதனின் மனைவி கிருசாந்தி பதறினாள்.

“வலையை விடுங்கோ அண்ணை! இவருக்குத்தான் வந்திட்டுதே, இனியென்ன? இவரைக் கடிக்கிற நுளம்பு பிறகு எங்களைக் கடிச்சால் எங்களுக்கும் டெங்கு. வலை எங்களுக்காகத்தான் கட்டினது.”

லக்ஷன் அவசரமாக வலையை இறக்கி, நுனியை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினான்.

உள்ளே ராசாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.