தலைப்பிரட்டைகளுக்கு ஓர் அஞ்சலி

ஏரித் தலைவர் நாரை மதகை மூட மறந்ததால் மழைநீரெல்லாம் ஓடிப்போய்விட்டது. கரையோரத்துத் தலைப்பிரட்டைகள் சேற்றில் காய்ந்து செத்தன. மறுவாரம் தலைவரே மதகு மேட்டில் ஏறி நின்று அஞ்சலிக் கூட்டம் கூட்டினார்.

"எல்லாம் விதி. மௌனமாக நில்லுங்கள்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மழையன்று மூடிய கண்ணை இடையில் எப்போது திறந்தாராம்?" என்று ஆமை முணுமுணுத்தது.

செவ்வந்தி என்ற தவளைக்குச் சிரிப்பு வரவில்லை. செத்ததில் பாதி அவள் பிள்ளைகள். தலைவரின் நீண்ட அலகைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"அய்யா, மதகை ஏன் மூடவில்லை?"

"அஞ்சலி நேரத்தில் பேசக்கூடாது, அம்மா."

"பேசத்தான் வந்தேன். ஏன் மூடவில்லை?"

"திறந்திருந்தது எனக்குத் தெரியாது."

"தெரியாதவருக்கு அந்த மதகு மேட்டில் என்ன வேலை? இறங்குங்கள்."

நாரை இறக்கையை விரித்து மிரட்டினார். "அஞ்சலி முடிந்தது. கலைந்து போங்கள்!"

யாரும் கலையவில்லை. ஆமை மெல்ல நகர்ந்து செவ்வந்தியின் பக்கத்தில் வந்து நின்றது. சேற்றிலிருந்து இன்னொரு தாய், "ஏன் மூடவில்லை?" என்றாள். பிறகு ஏரி முழுவதும் அதையே கேட்டது.