இரண்டாவது டிஸ்க்

அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து தம்பி கழற்றிய, அவனுடைய இரண்டாவது ஹார்டு டிஸ்க் அவன் பைக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பக்கத்தகடு இன்னும் தரையில் கிடக்கிறது. கறுத்த திரையில் ஒற்றை வெள்ளைக்கோடு மினுங்கி மினுங்கி அடங்குவதை அக்கா பார்க்கிறாள். ஐந்து மணிக்கு அனுப்பவேண்டிய மொழிபெயர்ப்பு அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, மணி நாலேகால். "என்னோடதைத் தொடவே மாட்டேன்னு சொன்னியேடா." "ஃபைல் எதையும் தொடலக்கா. என் டிஸ்க்கை மாட்டினப்ப, கம்ப்யூட்டரை எழுப்புற பூட்லோடரை அதுல போடாம உன்னோடதுல போட்டுட்டேன். அது இப்ப என் டிஸ்க்கைத் தேடுது." "அப்ப என் வீட்டுக்குள்ள போக உன்கிட்ட சாவி வாங்கணுமா?" மின்விசிறி இரைகிறது. 'உன் பொருள் ஒண்ணுகூட இங்க இருக்கக்கூடாது' என்று காலையில் கத்தியவள் அவள்தான். இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் பையை நோக்கிக் கையை நீட்டுகிறாள்.