எடைக்கு எடை அரிசி

போர் முடிந்து ராயபுரம் திரும்பிய வரதனுக்கு, துறைமுகத்து மூட்டைத் தொழிலாளிகள் எடைக்கு எடை அரிசி கொடுத்துக் கொண்டாடினார்கள். ஒல்லிப்பிச்சான் அவன். மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் மாலையும் கழுத்துமாகக் குந்தவைத்தார்கள்.

"கஸ்பாரு பயந்துகினு ஓடிப்பூட்டான். நான் ஒண்டியா நின்னேன்" என்றான் வரதன், வாய் கூசாமல்.

கூட்டத்தில் நின்ற கஸ்பாரின் தாய் சிலுவையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குண்டு விழுந்தபோது வரதனைத் தள்ளி, அவன்மேல் கவிழ்ந்து படுத்துத்தான் அவள் மகன் செத்தான். அதே படையில் இருந்த அருள்பிரகாசமே வந்து சொல்லி அழுதிருந்தான்.

எதிர்த்தட்டில் ஒரு மூட்டை அரிசி வைத்தார்கள். வரதன் இருந்த தட்டு தரையைவிட்டு எழவில்லை. இன்னும் அரை மூட்டை சேர்த்தார்கள். சங்கிலிதான் முனகியது.

"இன்னா மாமு, கல்லு துன்ட்டு வந்தியா?" என்று சிரித்தார்கள்.

சிலுவையம்மாள் தராசருகே போனாள். வரதனின் தலைக்கு மேலே பார்த்துக் கத்தினாள். "உன்னியே ஓடிப்பூட்டான்றான். இந்த நன்னிகெட்ட நாய இன்னும் இன்னாத்துக்குடா மூடிகினு கீற? எறங்குடா, கஸ்பாரு!"

தட்டு விருட்டென்று மேலே போனது. அந்தரத்தில் ஆடிய வரதன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அலறினான்.

"கஸ்பாரு, போவாதடா!"